திட்டினால் திரும்புமா கவனம்?

சிலருக்கு மட்டும் ஏன் அடிக்கடி சாவி தொலைகிறது, அடுப்பு அணையாமல் எரிகிறது, சொன்ன வேலை மறந்துபோகிறது? ஆய்வுகள் தரும் பதில் நம் வீட்டு வசவுகளுக்கு நேர் எதிராக நிற்கிறது.

பெரும்பாலான வீடுகளில் ஒருவருக்குக் 'கவனமில்லாதவர்' என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. "இவனை நம்பி ஒரு வேலையை ஒப்படைக்க முடியாது." "எங்கடி இருக்கு உன் புத்தி?" மோட்டாரைப் போட்டுவிட்டு மாடித் தொட்டி வழியும்வரை மறந்திருப்பவர் அவர்தான். ஜெராக்ஸ் கடையில் நகலைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு, ஒரிஜினல் சான்றிதழை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு வருபவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கிளம்பி, பழக்கத்தில் அலுவலகம் போகும் சாலையில் வண்டியைத் திருப்பிவிடுவார். அதே வீட்டில், அதே வயதில், ஏறக்குறைய அதே வேலைகளோடு இன்னொருவர் இருப்பார். அவருக்கு இதெல்லாம் எப்போதோ ஒருமுறைதான் நடக்கும்.

இந்த வித்தியாசத்துக்கு நாம் வைத்திருக்கும் விளக்கம் ஒன்றே ஒன்று: அக்கறை இருந்தால் மறக்குமா? பள்ளியில் ஆசிரியரும், அலுவலகத்தில் மேலாளரும், வீட்டில் மாமியாரும் கணவரும் இதையே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு, சம்பந்தப்பட்டவரும் தன்னைப் பற்றி அப்படியே நம்பத் தொடங்குகிறார். இந்த நம்பிக்கை தவறானது. அதைவிட முக்கியம், அது கெடுதல் செய்கிறது. அந்தத் திட்டே கவனத்தை இன்னும் கொஞ்சம் கெடுக்கிறது.

25 கேள்விகள்

1982-ல் பிரிட்டிஷ் உளவியலாளர் டொனால்டு பிராட்பென்ட், தன் சகாக்களோடு சேர்ந்து ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். மொத்தம் 25 கேள்விகள். எல்லாமே அன்றாட வாழ்க்கையைப் பற்றியவை. படித்த பக்கம் மனதில் ஏறாமல் திரும்பப் படிக்க நேர்கிறதா? ஓர் அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறீர்களா? கதவைப் பூட்டினோமா, விளக்கை அணைத்தோமா என்று சந்தேகம் வருகிறதா? வழிகாட்டிப் பலகை எதிரே இருந்தும் கண்ணில் படாமல் போகிறதா? கடந்த ஆறு மாதங்களை நினைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட வேண்டும். முழு மதிப்பெண் 100. மதிப்பெண் கூடக்கூட, கவனப் பிசகு அதிகம்.

இதில் மூன்று விஷயங்கள் தெளிவாயின. முதலாவது, ஒருவருடைய மதிப்பெண் காலம் கடந்தும் பெரிதாக மாறுவதில்லை. கணவன் அல்லது மனைவியிடம் தனியாகக் கேட்டாலும், பதில் கணிசமாக ஒத்துப்போகிறது. ஆகவே 'சிலருக்கு அதிகம்' என்பது வெறும் தோற்றம் இல்லை, உண்மையிலேயே அப்படி ஓர் இயல்பு இருக்கிறது. இரண்டாவது, இந்த மதிப்பெண்ணுக்கும் அறிவுத்திறன், நினைவாற்றல் சோதனைகளுக்கும் இடையே பெரிய தொடர்பு இல்லை. வகுப்பில் முதலிடம் வாங்குகிறவர் குடையைத் தொலைத்துக்கொண்டே இருக்கலாம்.

மூன்றாவதுதான் நம் கவனத்துக்குரியது. பயிற்சி செவிலியர்களிடம் இந்த மதிப்பெண்ணை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, பிறகு வார்டுகளுக்கு அனுப்பினார்கள். நெருக்கடி மிகுந்த வார்டுகளில், மதிப்பெண் அதிகமாக இருந்தவர்களே மனத்தளவில் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கவனம் எளிதில் பிசகுகிறவர்களை மன அழுத்தமும் எளிதில் சாய்க்கிறது. அவர்களைத்தான் நாம் தினமும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

கை பழகிய வேலையில்தான் ஆபத்து

இதே துறையில் இன்னொரு பெரிய பெயர், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ரீசன். 1970-களில் ஒருநாள் அவர் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூனை பசித்துக் கத்தியது. பூனைக்கான உணவை எடுத்தவர், அதைத் தட்டில் போடாமல் தேநீர்க் கெண்டிக்குள் போட்டுவிட்டார். இது ஏன் நடந்தது என்ற கேள்விதான் அவரை மனிதத் தவறுகளின் ஆய்வுக்குள் இழுத்தது. சாதாரண மக்களிடம் நாட்குறிப்பு கொடுத்து, தங்கள் தவறுகளை எழுதச் சொன்னார்.

குறிப்புகளில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. புதிதாகக் கற்கும் வேலையில் இத்தகைய பிசகுகள் குறைவு. நன்றாகப் பழகிய வேலையில், பழகிய இடத்தில், மனம் வேறு எதிலோ இருக்கும்போதுதான் அவை மொய்க்கின்றன. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸும் 1890-ல் வெளிவந்த தன் நூலில் இதைக் கவனித்திருக்கிறார்: இரவு விருந்துக்கு உடை மாற்றப் படுக்கையறைக்குள் போகிறவர், உடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, பழக்கம் இழுத்த வழியில் போய்ப் படுத்தே விடுகிறார்.

ஒரு வேலையில் தேர்ச்சி பெறுவது என்றால், மனதின் மேற்பார்வை இல்லாமலே கை அதைச் செய்யும் நிலைக்கு வருவது. இல்லாவிட்டால் பேசிக்கொண்டே தோசை ஊற்ற முடியாது, யோசித்துக்கொண்டே சைக்கிள் ஓட்ட முடியாது. அந்த விடுதலைக்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்தப் பிசகு. வழக்கத்திலிருந்து விலக வேண்டிய ஒரு கணத்தில், மனம் வந்து கையைத் தடுக்க வேண்டும். அது வரத் தவறினால், கை வழக்கப்படியே போய்விடும்.

1997-ல் இயன் ராபர்ட்சன் குழுவினர் இதை ஓர் எளிய சோதனையாக்கினார்கள். திரையில் 1 முதல் 9 வரையான எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், 3 வந்தால் மட்டும் அழுத்தக் கூடாது. குழந்தைகூடச் செய்துவிடும் வேலைதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் கை ஒரு தாளத்தில் விழுந்துவிடுகிறது. 3 வந்த பிறகுதான் 'அடடா' என்று உறைக்கிறது. பிராட்பென்ட் கேள்வித்தாளில் அதிக மதிப்பெண் பெற்றவர்கள் இதிலும் அதிகம் தவறினார்கள்.

ஜெராக்ஸ் கடைப் பிசகுக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. நாம் போன காரியம் நகல் எடுப்பது. நகல் கைக்கு வந்ததும் காரியம் முடிந்தது என்று மனம் கணக்கை மூடிவிடுகிறது. ஒரிஜினலை எடுப்பது, அந்தக் கணக்கு மூடிய பிறகு வரும் வேலை. அதனால்தான் மிகவும் பொறுப்பானவர்களும் அங்கே தவறுகிறார்கள்.

பிறவியில் வந்த பங்கு

சரி, எல்லோருக்கும் நடப்பதுதான். சிலருக்கு மட்டும் ஏன் அதிகம்?

ஒரு பங்கு பிறப்பிலேயே வருகிறது. நெதர்லாந்தில் இரட்டையர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்து 1998-ல் வெளியான ஆய்வு, கேள்வித்தாள் மதிப்பெண்ணில் மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை மரபணுக்களோடு இணைத்தது. 2011-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், மூளையின் இடப்பக்க மேற்பகுதியில் ஓர் இடத்தைக் கண்டார்கள். கவனம் எளிதில் சிதறுகிறவர்களுக்கு அங்கே சாம்பல்நிறத் திசு அதிகமாக இருந்தது. வளரும் பருவத்தில் தேவையற்ற இணைப்புகளை மூளை கழித்துக்கொண்டே வரும். அது சிலருக்கு முழுமையாக நடக்காமல் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

ஆனால் இந்த இயல்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை. நில்லி லாவியும் சோஃபி ஃபார்ஸ்டரும் 2007-ல் செய்த சோதனையில், வேலை எளிதாக இருந்தபோது சிதறும் இயல்புள்ளவர்கள் அதிகம் தடுமாறினார்கள். வேலை முழுக் கவனத்தையும் கேட்பதாக மாறியதும், அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பரபரப்பான வேலையில் பிரமாதமாகச் செய்கிற ஒருவர், அலுப்பூட்டும் பதிவேட்டு வேலையில் கோட்டை விடுவது இதனால்தான். அதைப் பார்த்து 'மனசு வைத்தால் முடியுமே, வைக்க மாட்டேன் என்கிறானே' என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

வயதுக்கும் இங்கே நாம் நினைக்கும் பங்கு இல்லை. 3 வந்தால் அழுத்தாதே என்ற அந்தச் சோதனையில், மூத்தவர்கள் இளைஞர்களைவிட நிதானமாகச் செய்கிறார்கள், தவறும் குறைகிறது.

தூங்காத மூளை

பிறவியின் பங்கு பாதி என்றால், மீதி நம் நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதில் இருக்கிறது. அதில் முதலிடம் தூக்கத்துக்கு.

1997-ல் ஆஸ்திரேலியாவின் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் தூக்கமின்மையையும் மதுவையும் ஒரே தராசில் நிறுத்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருக்குச் சமமாகக் கெட்டிருந்தது. 24 மணி நேரம் விழித்தால், ஏறக்குறைய 0.10 சதவீதம். இந்தியச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. காலை 6 மணிக்கு எழுந்து, பகல் முழுக்க உழைத்து, இரவு 11 மணிக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் டிரைவரை எந்த ஊதுகருவியும் காட்டிக்கொடுக்காது.

2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, தினம் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு 14 நாட்கள் கவனித்தது. இரண்டு வார முடிவில் அவர்களுடைய கவனம், ஓர் இரவு முழுக்கக் கண் மூடாதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் தாங்கள் அவ்வளவு மோசமாக இருப்பது அவர்களுக்கே தெரியவில்லை. தூக்கக் குறைவு எல்லோரையும் சமமாகத் தாக்குவதும் இல்லை. ஒரே அளவு கண் விழித்தாலும் சிலர் சட்டென்று சரிகிறார்கள், சிலர் தாக்குப்பிடிக்கிறார்கள். எத்தனை முறை சோதித்தாலும் அதே ஆட்கள்தான் சரிகிறார்கள். 'நானும்தான் நைட் ஷிஃப்ட் பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகலையே' என்ற வாதம் இங்கே எடுபடாது.

கரும்பு விற்கும் முன்னும் பின்னும்

அடுத்தது கவலை. இதைப் பற்றி உலகில் அதிகம் பேசப்பட்ட ஆய்வுகளில் ஒன்று நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு வயல்களில் நடந்தது. ஆனந்தி மணி, தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் அதை வெளியிட்டார்கள்.

கரும்பு விவசாயிக்குப் பணம் ஆண்டுக்கு ஒரு முறைதான் மொத்தமாக வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்கள் கையிருப்பு கரைந்த மாதங்கள். ஆலையால் எல்லார் கரும்பையும் ஒரே நேரத்தில் அரைக்க முடியாது என்பதால், வெட்டு உத்தரவு ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மாதத்தில் வரும். ஒரே பருவத்தில் ஒருவர் பணம் வாங்கியிருப்பார், இன்னொருவர் காத்திருப்பார். ஆய்வுக்கு இது நல்ல வாய்ப்பாக அமைந்தது. 54 கிராமங்களில் 464 விவசாயிகள். வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் நகையையோ பொருளையோ அடகு வைத்திருந்தார்கள், வெட்டுக்குப் பின் 4 சதவீதம். அதே விவசாயிக்கு, வெட்டுக்கு முன்பும் பின்பும் கவனச் சோதனை. திரையில் '5 5 5' என்று இருந்தால் 'மூன்று' என்று சொல்ல வேண்டும், ஐந்து என்று வாய் தவறக் கூடாது. பணம் வந்த பிறகு அதே மனிதர் வேகமாகவும் தவறு குறைவாகவும் பதில் சொன்னார்.

அளவீட்டு முறை பற்றிப் பிற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியதுண்டு. ஆனால் கடன்காரர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு மற்ற வேலையில் மனம் நிற்காது என்பதை, அந்த வாழ்க்கை வாழ்ந்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஏழைகளுக்குப் பொறுப்பு போதாது என்று சொல்கிறவர்கள், அதே ஏழையின் கையில் பணம் வந்த வாரத்தில் அவரைப் பார்க்க வேண்டும்.

மனதில் ஓடும் பட்டியல்

இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். இது கை செய்யும் வேலையின் கணக்கு மட்டும். கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது, பிள்ளைக்கு நாளை கலர் டிரெஸ், மாமனாருக்கு மாத்திரை வாங்க வேண்டும், பால்காரருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று மனதில் ஓடும் பட்டியலுக்கு நிமிடக் கணக்கு கிடையாது. அதற்கு நடுவில் ஒருநாள் பால் பொங்கி வழிந்தால் பட்டம் அவளுக்கு. பட்டியலே சுமக்காதவருக்கு எதையும் மறக்கும் வாய்ப்பு இல்லை, அவருக்கு 'நிதானமானவர்' என்று பெயர்.

இளைஞர்களுக்கு இதே சிதறல் வேறு வழியில் வருகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-ல் 18 முதல் 26 வயதுக்குட்பட்ட 80 பேரைச் சோதித்தார்கள். ஒரே நேரத்தில் பல திரைகளில் மாறி மாறி மேய்கிறவர்களுக்குக் கவனப் பிசகும் அதிகம், நினைவும் மங்கல். திரைதான் காரணமா, சிதறும் இயல்புள்ளவர்கள் திரையை நாடுகிறார்களா என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போவது?

சிறுவயதிலிருந்தே, வீடு, பள்ளி, வேலை என எல்லா இடத்திலும் கவனம் நிற்காமல், அதனால் படிப்பும் பிழைப்பும் கெடுகிறது என்றால் அது ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைபாடாக இருக்கலாம். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் தெரிய வேண்டும் என்பது மருத்துவ வரையறை. அதற்குச் சிகிச்சை உண்டு. மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்க நோய் ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும். நன்றாக இருந்தவருக்குச் சில மாதங்களில் திடீரென்று பிசகுகள் பெருகினாலோ, தெரிந்த தெருவில் வழி தவறினாலோ தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும்.

ஆளை விட்டு ஏற்பாட்டை மாற்றுங்கள்

இனி, செய்யக்கூடியது என்ன? இரண்டாம் உலகப் போரில் பிராட்பென்ட் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். பயிற்சி விமானம் ஒன்றில் சக்கரத்தை மடக்கும் நெம்புகோலும் இறக்கைத் தகட்டுக்கான நெம்புகோலும் அச்சாக ஒரே மாதிரி இருந்தன. விமானிகள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இழுத்து, விமானத்தைச் சேதப்படுத்துவது வாடிக்கையாக இருந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர், விமானிகளைத் திருத்தும் முயற்சியில் இறங்கவில்லை. நெம்புகோலின் பிடியைத் தொட்டாலே வித்தியாசம் தெரியும்படி, சக்கரத்துக்கானதில் சக்கர வடிவத்தைப் பொருத்தச் சொன்னார். இன்றும் பயணிகள் விமானத்தில் அந்தப் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

ஏடிஎம் இதே பாடத்தைக் கற்றது. பணத்தை முதலில் தந்து கார்டைப் பிறகு தந்த இயந்திரங்களில் மக்கள் கார்டை விட்டுவிட்டுப் போனார்கள். கார்டை எடுத்தால்தான் பணம் என்று வரிசையை மாற்றியதும் அந்தத் தொல்லை குறைந்தது. சைடு ஸ்டாண்டை எடுக்காவிட்டால் ஓடாத எஞ்சின் இப்போது பல இருசக்கர வாகனங்களில் வந்துவிட்டது. அதற்கு முன்பு அந்த வேலையை நம் சாலைகளில் முகம் தெரியாதவர்கள் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். "அண்ணே, ஸ்டாண்டு!" "அக்கா, சேலை சக்கரத்துல!" என்று கத்திவிட்டுப் போகிறவர் யாரையும் பொறுப்பற்றவர் என்று திட்டுவதில்லை.

ரயில் எஞ்சினில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் உரக்கச் சொல்லி உறுதிப்படுத்துகிறார்கள். ஜப்பான் ரயில்வேயில் இதோடு விரலால் சுட்டிக்காட்டவும் வேண்டும். அந்நாட்டு ரயில்வே ஆய்வு நிறுவனம் 1994-ல் சோதித்தபோது, எளிய வேலையொன்றில் சுட்டிச் சொல்வதால் தவறுகள் ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தியபோது, மரண விகிதம் 1.5-லிருந்து 0.8 சதவீதமாக இறங்கியது என்று 2009-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. கைதேர்ந்த நிபுணர்களுக்கே பட்டியல் தேவைப்படுகிறது என்றால், நமக்குத் தேவைப்படுவதில் என்ன குறை?

வீட்டிலும் இதையே செய்யலாம். சாவிக்கு வாசலருகே ஓர் ஆணி, அதைத் தவிர வேறெங்கும் வைப்பதில்லை என்ற பழக்கம். மோட்டாரைப் போட்டதும் போனில் அலாரம். பூட்டும்போது "பூட்டிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்வது. 'மாத்திரை சாப்பிட வேண்டும்' என்று பொதுவாக நினைக்காமல், 'காபி குடித்து முடித்ததும் மாத்திரை' என்று ஒரு செயலோடு முடிச்சுப் போடுவது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் இதன் பலனைக் காட்டியிருக்கின்றன. அடுப்படியில் இருப்பவரை நடுவில் கூப்பிடாமல் இருப்பது. மனதில் ஓடும் பட்டியலைச் சுவரில் எழுதி, எல்லோருமாகப் பங்கிட்டுக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, தூங்க விடுவது.

இதைப் பெரிய இடங்களுக்கும் விரிக்க வேண்டும். சாலையிலோ ஆலையிலோ விபத்து நடந்தால், 'கவனக்குறைவே காரணம்' என்ற ஒற்றை வரியோடு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த வரியில் விசாரணை முடியக் கூடாது, அங்கேதான் தொடங்க வேண்டும். அந்த டிரைவர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார்? அந்தத் தொழிலாளிக்கு அது எத்தனையாவது தொடர் ஷிஃப்ட்? அந்தச் செவிலியர் தனியாக எத்தனை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்? அந்த இயந்திரம் ஒரு நொடிப் பிசகை மன்னிக்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்ததா? இவற்றைக் கேட்காமல் ஓர் ஆளைத் தண்டித்து அனுப்பினால், அவர் இடத்துக்கு வரும் அடுத்த ஆளும் அதே களைப்போடு, அதே இயந்திரத்தின் முன், அதே தவறைத்தான் செய்வார்.